அது தனித்தொகுதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 15-ஆம் தேதி மறுபடி விசாரித்த லூசியானா தொகுதி வழக்கைப் பற்றித் தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் நாலு பத்தி வந்திருந்தது. லூசியானா மாநிலத்தில் கறுப்பர் பெரும்பான்மையாக இருக்கும்படி வரைந்த இரண்டாவது தொகுதி செல்லுமா என்பதுதான் வழக்கு. தலைப்பு: ‘கறுப்பினத்தவரின் தனித்தொகுதிகள் நீடிக்குமா?’ செய்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘தனித்தொகுதி’ என்ற அந்த ஒரு சொல்தான் இடிக்கிறது.

நான் ஒட்டப்பிடாரம் தனித்தொகுதியில் பிறந்து வளர்ந்தவன். பதினெட்டு வருடமாக அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரில், கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். 2019-இல் குடியுரிமை வாங்கினேன். நீதிமன்றம் கோடு மாற்றிப் போட்ட தொகுதி ஒன்றில் இப்போது நானும் ஒரு வாக்காளன். இரண்டு ஊரிலும் ஓட்டுப் போட்டவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

நம்மூர்த் தனித்தொகுதியில் யார் நிற்கலாம் என்பதைத்தான் சட்டம் தீர்மானிக்கிறது. ஓட்டு எல்லோரும் போடலாம். பெரும்பாலான தனித்தொகுதிகளில் பட்டியல் சாதியினரின் ஓட்டு பாதிகூடத் தேறாது. அதனால் வேட்பாளர் யாருடைய முகத்தைப் பார்த்து நடந்தாக வேண்டும் என்பது வேறு கதை. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வேட்பாளரின் ஜீப் ஊருக்குள் வந்ததும் முதலில் நிற்பது பெரிய வீட்டு வாசலில். அங்கே காபி குடித்து, சால்வை வாங்கி, ஒவ்வொரு தெருவாகச் சுற்றிக் காலனிக்கு வந்து சேரும்போது இருட்டிவிடும். பேசவும் தொண்டை இருக்காது, கையை மட்டும் கூப்பிவிட்டுப் போவார்.

இங்கே சங்கதி அப்படியே தலைகீழ். வேட்பாளராக யார் வேண்டுமானாலும் நிற்கலாம். வெள்ளையர், கறுப்பர், ஏன், நானே நிற்கலாம். (நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நிற்கக் குடியுரிமை வாங்கி ஏழு வருடம் ஆகியிருக்க வேண்டுமாம். எனக்கு 2026-இல்தான் நிறைகிறது. வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள்.) வழக்கு நடப்பது வாக்காளர்களை எந்தக் கோட்டுக்குள் வைப்பது என்பதைப் பற்றி மட்டும்தான். அந்தக் கோட்டைப் போடுவது இங்கே பல மாநிலங்களில் மாநிலச் சட்டமன்றமே. அதாவது, ஜெயித்தவர்கள் உட்கார்ந்து, அடுத்த தடவை யார் யார் எங்கே ஓட்டுப் போட வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

அலபாமாவின் நடுவில் கிழக்கு மேற்காக ஒரு பட்டை நிலம் ஓடுகிறது. அதற்குக் கறுப்புப் பட்டை என்று பேர் வந்தது முதலில் மண்ணை வைத்துத்தான். மாண்ட்கோமரியிலிருந்து செல்மாவுக்குப் போகும் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மழை நாளில் வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். செருப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. எங்கள் அப்பா பருத்தி போட்ட கரிசலும் இப்படித்தான் பிடிக்கும். இங்கேயும் பருத்திதான். அந்தப் பருத்திக்காகத்தான் அடிமைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவர்களின் சந்ததிதான் இன்றைக்கும் அந்தப் பட்டையில் அதிகம். 1965-இல் வாக்குரிமை கேட்டு நடந்துபோனதும் இதே சாலையில்தான்.

2020 கணக்கெடுப்பின்படி அலபாமாவில் நூற்றுக்கு 27 பேர் கறுப்பர். பிரதிநிதிகள் சபைக்கு மாநிலத்திலிருந்து 7 பேர். 2021-இல் போட்ட வரைபடத்தில், கறுப்பர் தாங்கள் விரும்பியவரை ஜெயிக்க வைக்கக்கூடிய தொகுதி ஒன்றே ஒன்று. ஒரு பகுதியை அந்த ஒரே சாக்கில் திணித்தார்கள், மீதியை மற்ற தொகுதிகளில் விதை தூவுகிற மாதிரி இறைத்துவிட்டார்கள். எங்கள் மாண்ட்கோமரி கவுண்டியையே (நம்மூர் மாவட்டம் மாதிரி) இரண்டாகப் பிளந்தார்கள். நகரின் மேற்கே இருந்தால் 7-ஆம் தொகுதி, கிழக்கே இருந்தால் 2-ஆம் தொகுதி. கடற்கரைப் பக்கத்துக் கவுண்டிகளை மட்டும் பிரிக்கவே கூடாது, அவற்றுக்குப் பிரெஞ்சு, ஸ்பானியக் காலத்துப் பாரம்பரியம் இருக்கிறது என்று மாநில அரசின் வக்கீல்கள் வாதாடினார்கள். கரிசலைத் துண்டு போடும்போது அந்தப் பாரம்பரியக் கரிசனம் எங்கே போயிற்றோ.

2022 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து இந்த வரைபடம் வாக்குரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவை (ஓட்டுரிமையில் இனப் பாகுபாடு கூடாது என்பது அது) மீறுவதாகத் தெரிகிறது என்று நிறுத்தினார்கள். மூவரில் இருவர் டிரம்ப் நியமித்தவர்கள். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. அதனால் அந்த நவம்பரில் பழுதான வரைபடத்தின்படியே ஓட்டுப் போட்டோம். 2023 ஜூன் 8 அன்று அதே உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கீழ் நீதிமன்றம் சொன்னதே சரி என்றது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். 2013-இல், அதுவும் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி வழக்கில், இதே சட்டத்தின் இன்னொரு பல்லைப் பிடுங்கியவர் இவர்தான் என்பதால் இங்கே பலருக்கு நம்ப முடியவில்லை. பழைய ஏற்பாட்டில் அலபாமா போன்ற மாநிலங்கள் கோட்டை மாற்ற வாஷிங்டனில் முன் அனுமதி வாங்க வேண்டும். 2013-க்குப் பிறகு அது தேவையில்லாமல் போனது.

இரண்டாவதாக ஒரு தொகுதியில், கறுப்பர் பாதிக்கு மேலோ பாதியை ஒட்டியோ இருக்கும்படி வரையுங்கள் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்டமன்றம் அந்த ஜூலையில் சிறப்புக் கூட்டம் போட்டு நிறைவேற்றிய புது வரைபடத்தில் 2-ஆம் தொகுதியில் கறுப்பின வாக்காளர் வயதினர் நூற்றுக்கு 40-ஐக்கூடத் தொடவில்லை. நீதிபதிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. சிறப்பு அதிகாரி ஒருவரை நியமித்து மூன்று வரைபடங்கள் வாங்கி, அக்டோபரில் மூன்றாவதை எடுத்துக்கொண்டார்கள். 2025 மே மாதம் இன்னும் ஒரு படி மேலே போய், 2023 வரைபடம் வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்றே தீர்ப்பளித்தார்கள்.

நீதிமன்றம் கொடுத்த தொகுதி ஒன்றும் பார்க்க அழகாக இல்லை. மேற்கே மொபீல் நகரில் தொடங்கி மாண்ட்கோமரி வழியாக ஜார்ஜியா எல்லைவரை நீள்கிறது. எனக்கும் மொபீலில் இருக்கும் சக வாக்காளருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 270 கிலோமீட்டர். ஆனால் அதில் வாக்காளர் வயதினரில் கறுப்பர் நூற்றுக்கு 49-க்கும் கொஞ்சம் குறைவு. பாதிகூட இல்லாத இதையா தனித்தொகுதி என்பது?

எங்கள் லைனில் ஓய்வு பெற ஆறு மாதமே இருக்கும் ஒரு அம்மா உண்டு. டஸ்கீகியில் பிறந்தவர். இந்த வழக்கைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தபோது, பேக்கிங் லிஸ்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கம் முதலில் ஒரு சதுரம் வரைந்தார். பிறகு அதற்குள்ளேயே முனை முனையாக ஒடித்து ஒடித்து இன்னொரு உருவம். கடல்குதிரை மாதிரி இருந்தது. ‘எண்ணிப் பார், 28 பக்கம் வரும்’ என்றார். நான் எண்ணினேன். அவருக்கு 25-தான் வந்திருந்தது, சிரித்துக்கொண்டே இன்னும் மூன்று ஒடித்தார்.

1957-இல், அவர் பிறப்பதற்கு முந்தைய வருடம், அலபாமா சட்டமன்றம் டஸ்கீகி நகர எல்லையைச் சதுரத்திலிருந்து அந்த உருவத்துக்கு மாற்றியது. நகரில் ஓட்டு வைத்திருந்த சுமார் 400 கறுப்பரில் நாலைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் எல்லைக்கு வெளியே. வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது, ஊர் மட்டும் அவரை விட்டுப் போய்விட்டது. கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளுக்குப் போவதை நிறுத்தினார்கள், வழக்கும் போட்டார்கள். 1960-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு நிற்கும் என்றது, அடுத்த வருடம் கீழ் நீதிமன்றம் அந்த எல்லை செல்லாது என்றது. அப்பா மறுபடி நகரத்தில் ஓட்டுப் போட்ட நாளன்று கோட் போட்டுக்கொண்டு போனாராம். பார்த்த ஞாபகம் இவருக்கு இல்லை, அம்மா சொன்னதுதான்.

‘நிறம் பார்க்காமல் கோடு போட்டால் போச்சு’ என்று வாரக் கடைசியில் கூடும் நம்மவர்களே சிலர் சொல்கிறார்கள். சாதி பார்க்காமல் தெரு போட்டிருந்தால் நம்மூரில் காலனி என்ற ஒன்று ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்று அவர்களைக் கேட்டேன், பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது. அலபாமா வழக்கில் நிபுணர் ஒருவர் கொடுத்த கணக்கு இது: கறுப்பர் விரும்பும் வேட்பாளருக்குக் கறுப்பர் நூற்றுக்கு 92 பேர் போடுகிறார்கள், வெள்ளையரில் போடுபவர் 15 பேர். ஓட்டு இப்படிப் பிரிந்து கிடக்கும் இடத்தில் கோடு எங்கே விழுகிறதோ அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

2024 நவம்பர் 5 காலையில் நானும் அந்த அம்மாவும் முதன்முதலாக ஒரே தொகுதிக்கான ஓட்டுச்சீட்டை வாங்கினோம். அவர் வீடு நகரின் மேற்கே, என் வீடு கிழக்கே. இங்கே காகிதச் சீட்டில் பேருக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டை வடிவத்தைப் பேனாவால் நிரப்பி இயந்திரத்தில் செருக வேண்டும். ஷிஃப்டுக்கு வந்தபோது அவருடைய மேல்கோட்டில் ‘வாக்களித்தேன்’ ஸ்டிக்கர் இருந்தது. எங்கள் 2-ஆம் தொகுதியில் ஷொமாரி ஃபிகர்ஸ் நூற்றுக்கு 54-க்கு மேல் வாங்கி ஜெயித்தார். 7-ஆம் தொகுதியின் டெரி சூவலையும் சேர்த்து அலபாமாவிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு கறுப்பினர் சபைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

இதை எழுதும் 2025 இறுதியில் லூசியானா வழக்கில் அந்த 2-ஆம் பிரிவின் மேலேயே கத்தி தொங்குகிறது. தீர்ப்பு வரும்போது தங்கள் நாளிதழில் மறுபடி தலைப்பு வரும். ‘தனித்தொகுதி’க்குப் பதிலாக ‘நீதிமன்றம் திருத்திய தொகுதி’ என்று போடுங்கள். நீளம் இடிக்கும் என்றால் வெறுமனே ‘தொகுதி’ என்றாலே போதும்.

இப்படிக்கு,
ஒட்டப்பிடாரத்து வாசகன்,
மாண்ட்கோமரி, அலபாமா.