பழவேற்காடு ஏரி–கடல் சுற்றுநடைப் பாதை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். பழவேற்காட்டில் பேருந்தை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் விசாரிப்பது படகைத்தான். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வந்தவர் கரையோரம் கண்ட இடத்தில் சேற்றில் இறங்குகிறார், அல்லது முகத்துவாரத்தில் குளிக்கப் போகிறார். இரண்டாவது இன்னும் மோசம். ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் இழுத்துக்கொள்ளும் அந்த இடத்தில் நீச்சல் தெரிந்தவருக்கும் கால் நிலைக்காது.

நடந்தே ஏரியையும் கடலையும் ஒரே காலையில் பார்த்துத் திரும்ப வழி இருக்கிறது. ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் ஏரிப்பக்கமாக வடக்கே போய், முகத்துவாரத்துக்கு முன்பே கிழக்கே திரும்பி, கடற்கரையோடு தெற்கே இறங்கி லைட்ஹவுஸ் குப்பம் வழியாகப் பாலத்துக்கு வந்துவிடலாம். ஏறத்தாழ 8 கி.மீ. ஏற்றம் இறக்கம் கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுக்காரரும் மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம். இந்த வழிக்கு அடையாளக்கல் நட்டு, சேற்றுப் பகுதியில் நடைமேடை போட்டு, மூன்று ஆண்டுகள் பராமரிக்க 4,50,000 ரூபாய் வேண்டும். அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

ஏரிப்பக்கம் முதலில், கடல் பிறகு என்று வைத்ததற்குக் காரணம் வெயில். மணல்திட்டிலிருந்து பார்த்தால் ஏரி மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் பூநாரையின் சிவப்பு துலக்கமாகத் தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் கண்கூச்சத்தில் கறுப்பு நிழல்தான் மிஞ்சும். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளுக்கு நல்ல காலம். புயல் சின்னம் இருக்கும் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கோடையில் காலை 6 மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். வழியில் குடிதண்ணீர் இல்லை, நிலத்தடி நீர் உப்பு. ஆளுக்கு இரண்டு லிட்டர் கையோடு வேண்டும்.

கடற்கரைப் பகுதியைச் சுலபமாக்குவதும் கடினமாக்குவதும் ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி வற்றுவது. தண்ணீர் வற்றியிருக்கும்போது அலையோரத்து ஈர மணல் இறுகிக் கிடக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீதியில் போவதுபோல் போகலாம். ஓதம் ஏறிவிட்டால் மேலே உள்ள பொல பொல மணலில்தான் நடக்க வேண்டும். அதே தூரத்துக்கு இரட்டை உழைப்பு. வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் வற்றும், அதிகம் ஏறவும் செய்யும். அதனால் பாலத்தடியில் வைக்கும் வழிப்பலகையில் கரும்பலகை ஒன்றைப் பதித்து, அன்றன்றைய வற்று நேரத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதப்போகிறோம். இந்தத் திட்டத்திலேயே விலை குறைந்த பொருள் அதுதான். பயன் அதிகமும் அதற்குத்தான்.

இனி கணக்கு.

பாதை பிரியும் இடங்களில் மட்டும் 22 கருங்கல் தூண்கள். நேர்வழியில் நூறு மீட்டருக்கு ஒன்று என்று நடுவது வீண். ஆடுகளும் விறகு எடுப்பவர்களும் சீமைக் கருவேலத்துக்குள் போட்ட தடங்கள் கிளைக்கும் இடத்தில்தான் வழி தவறும். ஒவ்வொரு தூணும் 7 அடி. இரண்டரை அடி மண்ணுக்குள், நாலரை அடி வெளியே. காற்று ஓரடி மணலைக் கொண்டுவந்து குவித்தாலும் அம்புக்குறி மூடாது. வெறும் மணலில் நட்டால் ஒரே மழைக்காலத்தில் சாய்ந்துவிடும் என்பதால், குழியின் அடியில் தட்டைக்கல் போட்டு, சுற்றிலும் செங்கல் ஜல்லி இடித்து இறுக்க வேண்டும். கல் 1,100, எழுத்து வெட்டி வண்ணம் நிரப்ப 500, வண்டிக்கும் நடவும் 900 என்று தூண் ஒன்றுக்கு 2,500 ரூபாய். மொத்தம் 55,000.

ஏன் கல் என்று கேட்பீர்கள். ஃப்ளெக்ஸ் ஒரே வெயிலில் வெடித்துக் கிழிந்து, அந்தத் துண்டுகள் ஏரிக்குள் போகும். இரும்புப் பலகை உப்புக்காற்றில் பொரிந்துவிடும், பொரிவதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போவதும் உண்டு. கம்பி வைத்த கான்கிரீட் பார்க்கத்தான் உறுதி. உப்பு உள்ளே இறங்கியதும் கம்பி துருப்பிடித்து உப்பி, மேலே உள்ள காரையைப் பிளந்துவிடும். கல்லில் 6 மில்லிமீட்டர் ஆழம் வெட்டிய எழுத்து, வண்ணம் உதிர்ந்த பிறகும் விரலால் தடவிப் படிக்கலாம்.

பாலத்தடியில் ஒன்றும் பேருந்து நிலையத்தருகே ஒன்றுமாக, வழிப்படம் வெட்டிய இரண்டு பெரிய கற்பலகைகளுக்கு 36,000. இரண்டாவது பலகையை டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். ஆகவே பலகை தள்ளித்தான் இருக்கும். கல்லறை வாசலின் எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும், 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமான மேட்டையும் பார்க்கக் காலில் தெம்பு மிச்சமிருந்தால் திரும்பி வந்த பிறகு போங்கள், வழிப்படத்தில் குறித்திருக்கும்.

பெரிய செலவு நடைமேடை. ஏரிப்பக்கப் பாதையில் 40 மீட்டர் தூரம் சேறு. மேலே உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்த தரைபோலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும். மண் கொட்டி மேடாக்கிவிடலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை, தவறான யோசனையும் அதுவே. ஓதத் தண்ணீர் வந்துபோகும் வழி அடைபட்டால் ஒருபக்கம் தேங்கி நாறும், இறால் குஞ்சு அங்கே ஏறாது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. அதனால் தண்ணீர் அடியில் ஓடும்படி, குத்துக்கால்கள் மேல் 4 அடி அகலத்துக்குப் பனங்கை (பனைமரத்தைப் பிளந்து எடுத்த சட்டம்) பரப்பப் போகிறோம். நன்கு முற்றிய மரத்தின் வைரம் பாய்ந்த பனங்கை உப்புத் தண்ணீரைத் தாங்கும். இளமரத்தின் சோறு, அதாவது வைரம் ஏறாத மெத்தென்ற பகுதி, இரண்டே வருடத்தில் இற்றுவிடும். இடைவெளி அரை அங்குலம் மட்டுமே, அதற்கு மேல் விட்டால் குழந்தையின் குதிகால் மாட்டும். குத்துக்கால், சட்டம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,300 அடி பனங்கை வேண்டும். இதற்காக நிற்கும் பனையை வெட்டப் போவதில்லை. பிரிக்கப்படும் பழைய ஓட்டு வீடுகளின் கூரையிலிருந்து எடுப்பதாகத் திட்டம். கூலி உட்பட 1,20,000.

மீதி 14,000-இல் பூவரசம் போத்து (நடுவதற்கான கிளை), புன்னைக் கன்று, அவற்றை ஆடு கடிக்காமல் காக்க முள்வேலி, பறவை பார்க்கும் இடத்தில் பனையோலைத் தட்டி. தட்டியில் பெரியவருக்கும் பிள்ளைக்குமாக இரண்டு உயரத்தில் கண்துளை இருக்கும். ஆள் நிழல் தெரிந்தால் பூநாரைக் கூட்டம் எழுந்துவிடும். ஒருமுறை எழுந்தால் அன்றைய மேய்ச்சல் கெட்டது. மரம் எல்லாம் ஏரிப்பக்கம்தான். கடற்கரையில் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் போதும், அவைதான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன.

ஆக, போடுவதற்கு 2,25,000. மீதிப் பாதியான 2,25,000 மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு. மாதம் நான்கு நாள், இருவர், ஆளுக்கு நாள் கூலி 700. முள் வெட்ட, குப்பை எடுக்க, சாய்ந்த கல்லை நிமிர்த்த. கூலி மட்டும் ஆண்டுக்கு 67,200. வண்ணம், தட்டி, மாற்றுப் பனங்கைக்கு 7,800. பாதிப் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருப்பது சிலருக்கு உறுத்துகிறது. ஆனால் இதுபோன்ற பாதைகள் திறப்பு விழாவில் சாவதில்லை, இரண்டாவது மழைக்காலத்தில் சாகின்றன. கருவேலம் ஒரே ஆண்டில் தலைக்குமேல் வளர்ந்து கல்லை மறைத்துவிடும். பராமரிப்புப் பணம் சேராமல் முதல் கல்லை நடுவதில்லை என்பது குழுவின் முடிவு.

செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். விளக்கு போடமாட்டோம். ஆமைக் குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி எதிர்த்திசையில் ஊர்ந்து சாகும். மணல்திட்டில் கழிப்பறை கட்டமாட்டோம், நீர்மட்டம் மேலே இருப்பதால் மழைக்காலத்தில் குழி நிரம்பி ஏரியில் கலக்கும். முகத்துவாரத்தருகே கல் நடமாட்டோம். அந்த மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பது, இந்த ஆண்டுக் கரை அடுத்த ஆண்டு தண்ணீராக இருக்கும். வலை காயும் இடங்களையும் பாதை பின்பக்கமாகச் சுற்றிப் போகும். வனத்துறை அனுமதி எழுத்தில் வந்த பிறகே பறவைகள் சரணாலயப் பகுதியில் வேலை தொடங்கும். அனுமதி வராவிட்டால் அந்தப் பகுதிக்கான தொகை கொடுத்தவருக்கே திரும்பும்.

2,500 ரூபாய் கொடுத்தால் ஒரு தூண். தூணில் பெயர் பொறிக்க இயலாது, வழி காட்டும் கல்லில் வழி மட்டும் இருக்கட்டும். 700 ரூபாய் ஓர் ஆளின் ஒரு நாள் கூலி. 50 ரூபாயும் ரசீதோடுதான் வாங்கப்படும், ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வருமான வரிச் சலுகை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். வரவு செலவு மாதந்தோறும் பாலத்தடிக் கரும்பலகையின் மறுபக்கத்தில் எழுதப்படும்.

பணமாக முடியாதவர்கள் கடப்பாரை, செங்கல் ஜல்லி, ஒரு நாள் வண்டி, எதுவும் தரலாம். பழைய வீடு பிரிப்பவர்கள் பனங்கையை விறகுக்குப் போடும் முன் குழுவுக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆணி பிடுங்கி, ஏற்றிக்கொண்டு போவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சுற்றுநடைப் பாதைக் குழுவினர்,
பழவேற்காடு