பூட்டுகிற நேரம்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, அக்கா, குட்டி எல்லாரும் நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் கூப்பிட்டால் ‘மீட்டிங்கில் இருக்கேன்ப்பா’ என்கிறாய். நீ பேசுகிற நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

குட்டி ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நீச்சல் கற்றுக்கொள்கிறாள். தண்ணீரைக் கண்டாலே அழுதவள் இப்போது கரையேற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாளாம். திரும்பும் வழியில் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போகிறார்கள். 2023 ஜூலையில் திறந்தார்களே, அதுதான். குழந்தைகள் பகுதியில் அவள் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புதான். அந்த வயதில் உன்னை நான் எங்கே கூட்டிப்போனேன்? சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கேட்க வந்தது இதுதான். உனக்கு அங்கே பொழுது எப்படிப் போகிறது? வேலையைக் கேட்கவில்லை. வேலையில் நீ கெட்டிக்காரன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வேலை முடிந்த பிறகு என்ன செய்கிறாய்? ரூமிலேயே கிடக்கிறாயா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரூமில் இருக்காதே. ஒரு மணி நேரமாவது வெளியே போய் நட.

பெங்களூரில் போக இடமில்லை என்று சொல்ல முடியாது. 1998இல் ஒரு பயிற்சிக்காக நான் அங்கே வந்திருந்தேன். கப்பன் பூங்காவுக்குள் சிவப்புக் கட்டடத்தில் மாநில மைய நூலகம் இருக்கிறது. அதன் படியில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இப்போது சனிக்கிழமை காலையில் அந்தப் பூங்காவில் பாய் விரித்துக்கொண்டு, ஆளுக்கொரு புத்தகத்தோடு பேசாமல் உட்கார்ந்து படிக்கிறார்களாம். பேப்பரில் பார்த்தேன். நீ போயிருக்கிறாயா? அல்சூரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கேயும் நூலகம் உண்டு. லால்பாக் பாறைமேல் ஏறி நின்றால் பாதி ஊர் தெரியும். போ தம்பி. ஆறு மணிக்கு மேல் ரூமில் இருக்காதே.

வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே ஒருநாள் அதிகாலை 3.10 என்று காட்டியது. அடுத்த நாள் 3.40. அதற்கடுத்த வாரம் நேரமே காட்டாதபடி மறைத்துவிட்டாய். நான் வேவு பார்க்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தூக்கம் இல்லை, அவ்வளவுதான். தீபாவளிக்கு வீட்டில் இல்லாதவன் நீ ஒருவன்தான். அம்மா உன் இலையைப் போட்டு வைத்திருந்தாள். வண்டியை விற்றுவிட்டாய் என்று தேனூர் மாமா பையன் சொல்லித்தான் தெரிந்தது. அம்மாவிடம் இரண்டு தடவை வாங்கிய பணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

பேப்பரில் இன்னொன்றும் படித்தேன், சும்மா சொல்கிறேன். பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. நடத்துகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அதற்கு முன்பே நம் தமிழ்நாட்டில் இரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் மனுஷன் என்ன ஆகிறான் என்று தெரிந்தவர்கள்தான் அதை எழுதியிருக்க வேண்டும். புதுச் சட்டத்தில் ஆடியவனுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தடை வந்தும் வெளிநாட்டிலிருந்து வேறு பெயரில் நடத்துகிறார்களாம். யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதே.

முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் இருந்தவன் நான். ஜனங்கள் பொழுதைக் கழிக்க வருவதை அவ்வளவு காலம் பார்த்திருக்கிறேன். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறார்கள். அதில் வேலை இல்லாத பையன், ரிட்டயர் ஆன வாத்தியார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் வந்து உட்காரலாம். யாரும் காசு கேட்கப் போவதில்லை. நேரமானால் நான் மணி அடிப்பேன், எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ராஜாஜி பூங்காவில் வாட்ச்மேன் விசில் ஊதுவார். தங்கம் தியேட்டரில் 2500 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம், படம் முடிந்தால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பவர்களைக்கூடக் கொசு எழுப்பிவிடும். பூட்டுகிற நேரம் என்று ஒன்று இருந்தது. உன் கையில் இருப்பதற்குப் பூட்டே கிடையாது. நீ எழுந்து போகக் கூடாது என்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள்.

பூட்டாத இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி. இது வரைக்கும் உனக்குச் சொன்னதில்லை.

நூலகத்தைப் பூட்டிவிட்டு ‘ஸ்டாக் எடுக்கிற வேலை’ என்று நான் தாமதமாக வந்த ராத்திரிகளில், நான் மனமகிழ் மன்றத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு லீவு, அன்றைக்கு மத்தியானமே போய்விடுவேன். பதிவு செய்த மன்றம்தான். கேரம் போர்டும் செஸ் போர்டும் அலமாரியில் தூசியோடு இருந்தன. உள் அறையில் சீட்டு. ரம்மி திறமையான ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று அங்கே எல்லாரும் சொல்வோம். நானும் சொல்வேன். ஃபுல் கவுண்ட் கொடுத்து முழுசாகத் தோற்றுவிட்டு, அடுத்த கையில் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருப்பதில் என்ன திறமை இருக்கிறது? எனக்கு வேண்டியிருந்தது அந்த அடுத்த கைதான். ஜெயித்த நாளில்கூட நான் எழுந்து வந்தது கிடையாது.

நீ நாலாம் வகுப்பு. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி. ராட்டினத்தில் ஏற்றுகிறேன் என்று பத்து நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று சம்பள நாள். மன்றத்துக்கு அரை மணி நேரம் போய்விட்டு வரலாம் என்று போனேன். 3200 ரூபாய் போனது. வீட்டுக்கு வந்தபோது நீ புதுச் சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் உட்கார்ந்திருந்தாய். ‘ராட்டினம் ரிப்பேராம்ப்பா, ஓடலையாம்’ என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போனாய். கொஞ்ச நேரம் கழித்துத் தேடி வந்தேன். கோரிப்பாளையம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தமுக்கம் பக்கம் தெரியும். ராட்டினத்து விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் உன் பின்னால் நின்றேன். நீ திரும்பிப் பார்த்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மாவின் அந்த இரண்டு வளையல் அத்தை கல்யாணச் செலவுக்குப் போகவில்லை. அம்மாவுக்குத் தெரியும். அவள் இன்று வரை உங்கள் இருவரிடமும் என்னைக் காட்டிக் கொடுத்ததில்லை.

நான் மன்றத்துக்குப் போவதை நிறுத்தியது வளையல் போன பிறகுதான். அதுவும் தானாக நிறுத்தவில்லை. உன் தாத்தா ஒருநாள் அந்த அறை வாசலில் வந்து நின்று, எல்லார் முன்னாலும், ‘எவ்வளவுடா?’ என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். அவர் வேறு எதுவும் பேசாமல் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். இரண்டு வருஷத்தில் அடைத்தோம்.

அவர் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. பெங்களூர் வந்து உன் ரூம் வாசலில் நிற்கலாம் என்று இரண்டு தடவை மைசூரு ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, இரண்டையும் கேன்சல் செய்துவிட்டேன்.

எவ்வளவு தம்பி?

தொகையை மட்டும் எனக்கு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அம்மாவிடம் காட்ட மாட்டேன். பார்த்ததும் மூன்றாவது தடவை டிக்கெட் எடுத்து வந்துவிடுகிறேன்.

அப்பா