பி.டி. சாருக்கு ஒரு கடிதம்: ஓட இடமிருந்தது, கூடத்தான் முடியவில்லை

அன்புள்ள பி.டி. சாருக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பழைய மாணவர் குழுவில் என் மகளின் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் போட்ட குரல் செய்தியைக் கேட்டேன். "பனியே இல்லாத தார் ரோட்டுல இந்தப் பொண்ணு எதுக்குடா குச்சிய வெச்சிக்கிட்டு சறுக்குது?" என்று கேட்டிருந்தீர்கள். அது கொரோனா காலத்துப் படம், அந்தப் பருவத்தில் அவளுக்கு ஒரு போட்டிகூட இல்லை என்று யாரோ சொன்னதும், "அடப்பாவமே, ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்றீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதற்குத்தான் எழுத எழுத நீண்டுவிட்டது. மற்றவர்களும் கேட்கிற கேள்விதான் என்பதால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

அவள் காலில் இருந்தது ரோலர் ஸ்கீ. நீளமான சட்டம், பெரும்பாலும் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், அவ்வளவுதான். பனி இல்லாத மாதங்களில் நார்டிக் ஸ்கீ பழகுகிறவர்களுக்குத் தார் ரோடுதான் மைதானம். பிரேக் கிடையாது. வேறு வழியில்லை என்றால் ஓரத்துப் புல்லில் இறங்கி நாலு எட்டு ஓடித்தான் நிற்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

டிவியில் நீங்கள் பார்த்திருப்பது மலையிலிருந்து வளைந்து வளைந்து பாய்கிற ஆல்பைன் வகையாக இருக்கும். நார்டிக்கில் ஏறவும் வேண்டும். பூட்ஸின் முனை மட்டும் பலகையில் மாட்டியிருக்கும், குதிகால் தூக்கிக்கொள்ளும். கை, கால், வயிறு, முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்கும். அதனால் உடம்பு எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது என்று அளந்தால், எல்லா விளையாட்டுக்காரர்களிலும் இவர்கள்தான் முன்வரிசையில் இருப்பார்கள். நுரையீரலை நம்பிப் பிழைக்கிற கூட்டம். அந்த நுரையீரலையே பதம் பார்க்கிற நோய் வந்தபோது இவர்கள் கதி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மகள் படித்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரி. பெயர் வேண்டாமே. அந்த வட்டாரக் கல்லூரிகள் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, வாரக் கடைசியில் ஆளுக்கு ஒரு வாரம் பொறுப்பெடுத்துப் பந்தயம் நடத்தும். கார்னிவல் என்பார்கள். டார்ட்மத் கல்லூரியின் பனிக்காலக் கார்னிவல் 1911-இலேயே தொடங்கியது. மார்ச்சில் என்.சி.ஏ.ஏ. என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பின் தேசியப் போட்டி. ஒரு கல்லூரிக்கு அதிகபட்சம் 12 பேர். ஆண்கள், பெண்கள், ஆல்பைன், நார்டிக் எல்லாருடைய புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரே கோப்பை. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. நம் ஊரில் வைத்தால் எத்தனை பள்ளிக்கூடம் பெண் பிள்ளைகளுக்கும் ஒழுங்காக ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுக்கும்!

2020 மார்ச்சில் அந்தப் போட்டி மான்டானாவின் போஸ்மனில் நடந்துகொண்டிருந்தது. மகள் முதலாமாண்டு, தேர்வாகவில்லை. அவளுடைய சீனியர் ஒருத்தி போயிருந்தாள். 12-ஆம் தேதி, இரண்டு பலகையும் இணையாகப் போகிற கிளாசிக் வகை ஓட்டம் முடிந்தது. மீதியெல்லாம் ரத்து என்று அன்றைக்கே அறிவிப்பு. பாதிப் போட்டியோடு பெட்டி கட்டினார்கள். அந்த வருஷம் அணிக் கோப்பை யாருக்கும் இல்லை. அடுத்த வாரம் நாங்கள் குடியிருக்கும் மினியாபொலிஸில் நடக்க இருந்த உலகக் கோப்பைப் பந்தயமும் போயிற்று. அது திரும்பி வர 2024 பிப்ரவரி ஆயிற்று.

இப்போது உங்கள் "வீணாப் போச்சே"வுக்கு வருகிறேன், சார். காட்டுப் பாதையில், திறந்த வெளியில், எட்ட எட்டச் சறுக்கிப் போகிறவர்களுக்கு அங்கே அவ்வளவு ஆபத்து இல்லை. ஆபத்து இருந்ததெல்லாம் சுற்றிலும்தான். வேனில், நாலு பேர் படுக்கிற விடுதி அறையில், சாப்பாட்டு மேஜையில், பலகைக்கு மெழுகு தேய்க்கிற வேக்ஸ் அறையில். அப்புறம், முடிவுக்கோட்டைத் தாண்டியதும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, மூக்கும் வாயும் ஒழுகக் கிடக்கிற அந்த இரண்டு நிமிஷத்தில். தனித்தனியாக ஓடுகிறவர்களை ஒரு அணியாக ஆக்குகிற இடங்கள் எவையோ, சரியாக அவைதான் மூடப்பட்டன. ஓட்டம் தப்பித்தது, அணிதான் அடிபட்டது.

வேக்ஸ் அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிளாசிக் பலகையின் அடியில் முன்பக்கமும் பின்பக்கமும் வழுக்குவதற்கு ஒரு மெழுகு, நடுவில் பாதத்துக்குக் கீழே பனியைக் கவ்வுவதற்கு வேறொரு மெழுகு. வழுக்கவும் வேண்டும், கவ்வவும் வேண்டும். கடுங்குளிருக்கு ஒன்று, ஈரப் பனிக்கு ஒன்று. உருகி மறுபடி இறுகின பனிக்கு க்ளிஸ்டர் என்று ட்யூபில் வருகிற பிசின். அது ஒரு தடவை விரலில் பட்டால் கதவுப் பிடி, ஜாக்கெட், தலைமுடி எல்லாம் பிசுபிசுதான். வழுக்குகிற மெழுகைச் சூடான இஸ்திரியால் உருக்கி, ஆறவைத்து, சுரண்டி, பிரஷ் போட வேண்டும். மேஜைக்கு மேஜை பேச்சும் பாட்டும் சண்டையுமாக இது நடக்கும். முதலாமாண்டுப் பிள்ளை தொழில் கற்றுக்கொள்வதே பக்கத்து மேஜையைப் பார்த்துத்தான்.

அந்த அறையில் முகக்கவசம் புதுசும் இல்லை. வேகத்துக்காக ஃப்ளூரின் மெழுகு போட்ட நாட்களில், அதன் புகைக்குப் பயந்து ரெஸ்பிரேட்டர் மாட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. (அந்த மெழுகுக்குத் தடை என்று சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 2019-இல் முடிவெடுத்தது. நடைமுறைக்கு வர 2023 ஆயிற்று.) ஆனால் கொரோனாப் பருவத்தில் உள்ளே ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் இருக்கலாம். காத்திருக்க முடியாதவர்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மேஜை போட்டு, நீள ஒயர் இழுத்து, வெட்டவெளியில் மெழுகு தேய்த்தார்கள். அந்தக் குளிரில் இஸ்திரி நகர்வதற்கு முன்னால் மெழுகு உறைந்துவிடும். சுரண்டினால் சுருள் சுருளாக வராமல் பொடிப் பொடியாக உடைந்து தெறிக்கும். மகள் வீடியோவில் காட்டினாள். பக்கத்து மேஜை ஆறடிக்கு அப்பால், காற்று இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு.

நவம்பரில் வழக்கமாகக் கிழக்குப் பக்கத்து அணிகள் பலவும் பனி தேடிக் கனடாவுக்குப் போகும். கியூபெக் நகரத்துக்கு வடக்கே லவால் பல்கலைக்கழகத்தின் காடு ஒன்று இருக்கிறது, ஃபொரே மோன்மொரான்சி என்று பெயர். போன பனிக்காலத்துப் பனியை மரச் சீவல் போட்டு மூடிக் கோடை முழுக்கக் காப்பாற்றி, ஊருக்கெல்லாம் பனி விழுவதற்கு முன்பே பாதை போட்டுவிடுவார்கள். 2020 மார்ச்சில் மூடிய எல்லையை அமெரிக்கர்களுக்குக் கனடா 2021 ஆகஸ்டில்தான் திறந்தது. ஆக, 2020 நவம்பரிலும் தார் ரோடுதான். உங்களுக்கு வந்த படம் அப்போது எடுத்தது.

அதே நவம்பர் 12-ஆம் தேதி, பழைய பல்கலைக்கழகங்கள் எட்டு சேர்ந்த ஐவி லீக் என்கிற கூட்டமைப்பு பனிக்கால விளையாட்டுகள் எல்லாவற்றையும் ரத்து செய்தது. டார்ட்மத்தும் ஹார்வர்டும் அதோடு வெளியே. கொஞ்ச நாளில் எங்கள் கல்லூரியும் இந்தப் பருவம் அணி எங்கேயும் போகாது என்று சொல்லிவிட்டது. கூரைக்குள் ஆடுகிற கூடைப்பந்துக்கும் காட்டில் ஓடுகிற ஸ்கீக்கும் ஒரே தராசா என்று அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் வேனையும் விடுதியையும் எண்ணிப் பார்த்தால், அவர்கள் நிறுத்தியது ஓட்டத்தை இல்லை, பயணத்தை. அந்த அளவில் நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பயிற்சி நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை. நாலைந்து பேராகப் பிரித்துச் சின்னச் சின்னக் குழுக்கள். ஒரு குழு போன பிறகுதான் அடுத்த குழு பாதைக்கு வரலாம். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுச் சறுக்கினால், விடுகிற மூச்சு அதிலேயே உறைந்து தகடாகிவிடும். காய்ந்த பக்கம் முன்னால் வருகிற மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சி ஜூமில், அவரவர் அறையில். இவள் குதித்ததில் கீழ்த்தளத்துப் பையன் மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறான். சாப்பாடு அட்டைப் பெட்டியில் வரும், எல்லாருக்கும் ஒரே அளவு. தினம் இரண்டு வேளை பயிற்சி செய்கிற பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? அவள் அம்மா இங்கிருந்து பருப்புப் பொடியும் ரைஸ் குக்கரும் அனுப்பினாள். குக்கருக்கு விடுதியில் அனுமதி இல்லை என்பதை நான் எழுதக் கூடாது.

பந்தயத்துக்குப் பதில் தங்களுக்குள்ளேயே நேரம் வைத்து ஓடினார்கள். அரை நிமிஷத்துக்கு ஒருத்தர் கிளம்புவது, கோட்டைத் தாண்டியதும் விழாமல் நேரே போய்க்கொண்டே இருப்பது. "விழ முடியலப்பா, அதுதான் கஷ்டம்" என்றாள். அணியில் ஒருத்திக்குக் கொரோனா வந்து போன பிறகு, இதயப் பரிசோதனை முடிந்து மருத்துவர் கையெழுத்துப் போடும் வரை பாதையில் கால் வைக்க விடவில்லை. வேகம் திரும்ப அவளுக்கு வசந்தம் வரை ஆயிற்று.

2021 மார்ச்சில் தேசியப் போட்டி நடந்தது, பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ஷயரிலேயே. நார்டிக் பந்தயங்கள் ஜாக்சன் என்கிற ஊரில். யூட்டா பல்கலைக்கழகம் ஜெயித்தது. காரில் போகிற தூரத்தில் நடந்த பந்தயத்தை இவர்கள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தார்கள்.

ஆக, சார், அவள் உடம்புக்கு அந்த வருஷம் வீணாகவில்லை. வேன் பயணமும் பந்தய ஊர்களும் வேன் கொள்ளாமல் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும் இரவுகளும்தான் இல்லை. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய நஷ்டம், அணி என்றால் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டார்கள். அடுத்த பருவம் மகளுக்குப் பாதி வேலை அவர்களுக்கு மெழுகு தேய்க்கச் சொல்லிக் கொடுப்பது.

என்.சி.ஏ.ஏ. அந்தப் பருவத்துக்கு ஈடாக இன்னொரு வருஷம் விளையாடலாம் என்று அறிவித்தது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஐந்தாவது வருஷக் கட்டணத்தை யார் கட்டுவது என்று மட்டும் அதில் இல்லை. இந்த மாதிரிக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் கிடையாது. மகள் அந்த வருஷத்தை எடுத்துக்கொள்ளாமலே பட்டம் வாங்கிவிட்டாள்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வயதுப் பிரிவில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் என்பது ஒரு பிரிவே கைவிட்டுப் போவது. அந்த இரண்டு வருஷம் நம் மைதானத்துப் பிள்ளைகளை எப்படி வைத்திருந்தீர்கள்? வயது தாண்டிப் போனவர்களில் யாராவது திரும்ப ஓட வந்தார்களா? குரல் செய்தியாகவே அனுப்புங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்