நம் ஊர் விரியன்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரச் சிறுவர் இணைப்பில் வந்த 'உலகின் பத்து கொடிய விஷ உயிரினங்கள்' கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமையாக அச்சாகியிருந்தன. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான் பாம்புக்கு முதலிடம்; அடுத்து பெட்டி ஜெல்லி மீன், நீல வளைய ஆக்டோபஸ், கூம்பு நத்தை, அம்புத் தவளை என்று வரிசையாகப் போகிறது. பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். அதுவரை எனக்கும் மகிழ்ச்சிதான். கட்டுரையை முடிக்கும்போது எழுதியிருந்தார்களே ஒரு வரி, அதைப் படித்த பிறகுதான் மனம் ஆறவில்லை. "நல்லவேளையாக இவற்றில் எதுவும் நம் ஊரில் இல்லை, நாம் நிம்மதியாக இருக்கலாம்."

யார் நிம்மதியாக இருக்கலாம் ஐயா? ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழம் பறிக்கும் காலத்தில் செடிக்குக் கீழே சருகை மிதித்துக்கொண்டு நிற்கும் பெண்களின் பேரேடு என் கையில்தான் இருந்தது. யாருக்காவது கடிபட்டால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண்களின் பிள்ளைகளும் தங்கள் சிறுவர் இணைப்பைப் படிக்கிறார்கள்.

முதலிடம் பெற்ற அந்தத் தைப்பானையே எடுத்துக்கொள்வோம். அதன் விஷம் மற்ற எல்லாப் பாம்புகளின் விஷத்தையும்விட வீரியமானது என்று எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்தது. அதில் தவறில்லை. ஆனால் அது ஆள் நடமாட்டமே இல்லாத வறண்ட நிலத்தில் வாழும் கூச்ச சுபாவமுள்ள பாம்பு. அது கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இது தங்களுக்குத் தெரியாத கணக்கில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் ஒன்றுகூடத் தங்கள் பத்தில் இல்லை. கொசுவும் இல்லை. மலேரியாவால் மட்டும் உலகில் ஆண்டுக்குச் சுமார் ஆறு லட்சம் பேர் சாகிறார்கள். பட்டியலில் இருக்கும் கூம்பு நத்தையின் இனத்தில் பல வகைகள் நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கின்றன. 'எதுவும் இல்லை' என்று எழுதும் முன் ராமநாதபுரத்து மீனவர் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

ஒரு பழம் பறிப்புக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தியைப் பாதத்தில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார்கள். ஒரு கிழவி மிளகைக் கொடுத்து, காரம் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் கால் வீங்கி, விரலில் கிடந்த மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வெட்டும் கருவியால்தான் அதை வெட்டி எடுத்தார்கள். டாக்டர் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினார். 20 நிமிடத்துக்கு யாரும் அதை அசைக்கக் கூடாது என்றார். அவள் புருஷன் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்து நின்றான். நேரம் முடிந்து குழாயைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீராக ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை எடுத்தார்கள். பொடியாக இருக்கும் அந்த மருந்தில் நீரைச் செலுத்தி, நுரை வராதபடி செவிலியர் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிக் கரைத்தார். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ குப்பிகள். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் அடிபட்டு, டயாலிசிஸ் வரை போய்த்தான் பிழைத்தாள். மறு ஆண்டு அவள் பறிப்புக்கு வரவில்லை.

என் அண்ணிக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. குப்பனூர்ப் பக்கம் அடிவாரத்தில் அண்ணன் வீடு. புழுக்கத்துக்குப் பயந்து தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்தார். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கண் இமைகளைத் தூக்க முடியவில்லை என்றார். தண்ணீர் விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சு வாங்கியது. சேலம் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, பல்லடையாளம்கூடத் தேடினாலும் கிடைக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்று வலி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டுமாம். இந்த ஒரு செய்தி எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் அண்ணி இன்று இருந்திருப்பார். நம் ஊரில் எதுவும் இல்லை என்று எழுதியவருக்கு இதை எப்படிச் சொல்வேன்?

இது தங்கள் இதழில் முதல் முறை என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் மருத்துவக் குறிப்புப் பகுதியில், கடிவாயைக் கீறி விஷத்தை உறிஞ்சித் துப்ப வேண்டும் என்று வந்தது. அது தவறு, கீறினால் ரத்தம் நிற்காது, இறுக்கிக் கட்டினால் காலே போய்விடும் என்று கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, திருத்தமும் போடவில்லை. இன்னொரு முறை, ஒரு பாவமும் அறியாத கொம்பேறி மூக்கனின் படத்தைப் போட்டுக் 'கொடிய நச்சுப்பாம்பு பிடிபட்டது' என்று செய்தி. அந்த வாரமே எங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சாரையும் பச்சைப் பாம்புமாகக் கண்டதையெல்லாம் அடித்துக் கொன்றார்கள். சாரை போனால் எலி பெருகும்; எலி பெருகினால் அதைத் தேடி விரியன் வரும். 2024 நவம்பரில் நம் மாநில அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய நோய்களில் சேர்த்தது. அந்தச் செய்தியைத் தங்கள் பக்கங்களில் தேடித் தேடி ஏமாந்தேன். மே மாதம் வந்தால் கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகு இல்லம் என்று ஏற்காட்டுக்கு முழுப் பக்கம் கிடைக்கிறது. அந்த மலையில் நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் மஞ்சக்குட்டையிலும் மனிதர்கள் வசிக்கிறோம் என்பது மட்டும் ஆண்டு முழுவதும் யாருக்கும் நினைவில்லை.

பிள்ளைகளுக்கு வியப்பூட்டும் செய்தி வேண்டும் என்பீர்கள். அதுவும் நம்மிடமே இருக்கிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தில்தான் நாட்டின் பெரும்பகுதி முறிவு மருந்து தயாராகிறது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து முறிவு மருந்தைப் பிரிக்கிறார்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். செந்தேள் கொட்டிச் செத்துக்கொண்டிருந்த கிராமத்துப் பிள்ளைகளை, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையால் காப்பாற்றலாம் என்று கண்டறிந்தவர், மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் இருந்த டாக்டர் பவாஸ்கர். இவர்களில் ஒருவருக்காவது அந்தக் கட்டுரையில் ஒரு வரி இருந்ததா?

நான் கேட்பது சிறியதுதான். அடுத்த சிறுவர் இணைப்பில் அரைப்பக்கம் கொடுங்கள். அந்த நான்கு பாம்புகளின் தெளிவான வண்ணப் படங்கள், கீழே பெயர்கள். மூங்கிலிலும் காபிக் கிளையிலும் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழிவிரியனின் படத்தையும் சேர்த்தால் மலைக்காரர்களுக்கு உதவும். அதன் கடிக்கு இப்போதைய மருந்து வேலை செய்யாது என்பதால் பாம்பின் நிறத்தை டாக்டரிடம் சொல்வது முக்கியம். கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. மெட்டி, கொலுசைக் கழற்று. காலை அசைக்காமல் 108-ஐ அழை. தரையில் படுக்கும்போது கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகு. இவ்வளவு போதும். படங்களின் பின்பக்கத்தில் விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை, கத்தரித்து ஒட்ட வசதியாக ஓரமாக மட்டும் அச்சிடுங்கள். லைன் வீடுகளிலும் ரேஷன் கடையிலும் ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய மருத்துவக் குறிப்புக்கு ஒரு திருத்தமும் அதே பக்கத்தில் வரட்டும். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அதற்கு முன் வந்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர்,
நாகலூர், ஏற்காடு.