ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், "அப்பா விட்டுட்டுப் போனப்புறம் எப்படிம்மா அதையெல்லாம் தாண்டினே?" என்று. "எல்லாம் அம்மன் புண்ணியம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் சாம்பார் கொதித்தது உண்மைதான். ஆனால் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் வைத்தேன். எழுதும்போது அழுதால் உனக்குத் தெரியாது பார்.

உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து "எங்கம்மா இரும்பு மனுஷி" என்றாயே, அன்றே சொல்லியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் நம் பழைய அடுக்குமாடி பிளாக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, ஞாபகம் இருக்கிறதா? ஐந்தில் இறங்கி ஆறுக்குப் படியேற வேண்டும். அந்த ஒரு மாடிதான் நான் அழுகிற இடம். தேக்காவிலிருந்து வந்து, தையல் பையை மடியில் வைத்து, படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவேன். பிறகு எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றிவிட்டார்கள். நல்லதுதான், முட்டிவலிக்கு.

உன் அப்பா வீட்டை விட்டுப் போனது 2002 தீபாவளி முடிந்து. நாலு நம்பர் லாட்டரி, குதிரைப் பந்தயம் எல்லாம் உனக்குத் தெரியும். கந்துவட்டிக்காரன் ஆலோங்கிடம் அவர் கடன் வாங்கியது தெரியாது. ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால் கதவு, சுவர் எல்லாம் சிவப்பு பெயிண்ட். படிச்சுவரில் நம் வீட்டு எண், கீழே 'கடனைக் கட்டு'. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், தின்னர் டப்பாவோடு வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து தேய்த்தோம். நகக்கண்ணில் சிவப்பு ஒரு வாரம் போகவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது "என்னம்மா நாத்தம்?" என்றாய். "டவுன் கவுன்சில்லேர்ந்து பெயிண்ட் அடிக்கிறாங்க" என்றேன். நீ நம்பினாய். அப்புறம்தான் போலீசுக்குப் போனேன்.

அது ஆறுவதற்குள் 2003இல் சார்ஸ் தொற்று. மார்ச் கடைசியில் பள்ளிகளையே மூடினார்கள். கல்யாணங்கள் தள்ளிப்போயின, ப்ளவுஸ் தைக்க யார் வருவார்கள்? பள்ளி திறந்ததும் உனக்கு ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தார்கள். காலையில் நாக்கடியில் வைத்து, "36.4!" என்று கத்துவாய். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கோப்பி இறங்கும்.

ஜீவனாம்சம் கேட்கலாம் என்று எனக்குச் சொன்னது, ப்ளவுஸ் வாங்க வந்த ஒரு கிளார்க் அம்மா. பெண்களுக்கான சட்டம், மாதர் சாசனம், 1961லிருந்தே இருக்கிறதாம். எனக்கென்ன தெரியும்? சட்டமெல்லாம் படித்தவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். குடும்ப நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டபோது முதலில் வேறு யாரையோ என்று உட்கார்ந்தே இருந்தேன். உத்தரவு கிடைத்தது. பணம் மூன்று மாதம் வந்தது, நின்றது. மறுபடி போனேன். இந்த முறை பெயரைக் கூப்பிடும் முன்னாலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

மெல்பர்னில் வேலை முடிந்து கார் பார்க்கிங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றாயே. சரி, உட்காரு. மாப்பிள்ளையோடு சேர்ந்து இரு, பிரிந்துவிடு என்று நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வர வேண்டும் என்றால் வா, உன் அறையில் என் தையல் மிஷின் இருக்கிறது, அதை நகர்த்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. நீ கேட்ட நீலப் பட்டுக்கு ப்ளவுஸ் வெட்ட வேண்டும். என் நோட்டில் உன் கைச்சுற்று 11 அங்குலம் என்று இருக்கிறது, அது கல்யாணத்துக்கு முன் எடுத்தது. போனில் உன் முகத்தைப் பார்த்தால் இளைத்திருப்பாய் போலத் தெரிகிறது. டேப் வைத்து அளந்து அனுப்பு. இறுக்கிப் பிடிக்காதே, ஒரு விரல் உள்ளே போக வேண்டும்.

அம்மா