பாராசூட் விரியலைன்னு போடறதுக்கு முன்னாடி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பேப்பர் உள்பக்கத்துல ஒரு சின்ன செய்தி வந்துச்சு, வெளிநாட்டுல ஸ்கைடைவிங் பண்ணும்போது ஒருத்தர் இறந்துட்டாருன்னு. தலைப்பு 'பாராசூட் விரியாததால் பலி'. ஆனா செய்தியோட கடைசி வரில, தரைக்கு பக்கத்துல வேகமா திரும்பும்போது மோதிட்டாருன்னு நீங்களே போட்டிருக்கீங்க. இது ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. குடை, அதாவது பாராசூட், விரியாம எவனும் திரும்ப முடியாது. படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, ஆனா எனக்கு அந்த தலைப்ப பார்த்ததும் டீ உள்ள இறங்கல, ஏன்னா அந்த குடைய மடிச்சவன் ஒருத்தன் எங்கயோ உக்காந்திருப்பான், அந்த எடத்துல நான் ஒரு தடவ உக்காந்திருக்கேன்.

எனக்கு ஓமலூர் பக்கம். வளைகுடால ஒரு டிராப் ஸோன்ல, அதாவது விமானத்துல ஏத்திட்டு போய் குதிக்க விடற எடத்துல, அஞ்சு வருஷம் பேக்கரா வேல பார்த்தேன். பேக்கர்னா அட்டப்பெட்டி கட்டறவன் இல்ல, பாராசூட் மடிக்கிறவன். எங்க வீட்லயே பாதி பேருக்கு இது இன்னும் தெரியாது.

அந்த வேலைய கொஞ்சம் சொல்லிடறேன், அப்ப தான் மத்தது புரியும். குதிச்சு இறங்கினவங்க குடைய மூட்ட துணி மாதிரி அள்ளி தோள்ல போட்டுட்டு வந்து எங்க பாய்ல போட்டுட்டு போயிடுவாங்க. கயிறெல்லாம் சிக்கு இல்லாம விரலுக்குள்ள விட்டு நடந்துட்டே வந்து, குடை விரியற வேகத்த குறைக்கிற ஸ்லைடர்ங்கற சின்ன துணிய மேல ஏத்தி, ஒவ்வொரு மடிப்பா எடுத்து விட்டு, சுருட்டி கீழ சாய்ச்சு, அது மேல முட்டி போட்டு காத்த பூரா வெளிய தள்ளணும், புது துணின்னா மீன் மாதிரி நழுவும். அப்புறம் பைக்குள்ள திணிச்சு, கயிற ரப்பர் பேண்ட்ல வளைச்சு வளைச்சு சொருகி, முதுகுப்பைல வெச்சு பின் போடணும். பழகினவனுக்கு பத்து நிமிஷம். ஒரு மடிப்புக்கு இவ்வளவுன்னு காசு, மாச சம்பளம் கிடையாது. மெயின் குடை சரியா விரியலன்னா போடற ரிசர்வ் குடைய நாங்க தொடவே மாட்டோம், அதுக்கு லைசென்ஸ் வெச்சிருக்க ரிக்கர் தனியா இருப்பாரு, அவரு மடிச்சு நூல் கட்டி முத்திர வெச்சிடுவாரு, அமெரிக்காவுல 180 நாளைக்கு ஒருக்கா அத பிரிச்சு மறுபடி மடிக்கணும்னு சட்டமே இருக்கு. நான் மடிச்சது மெயின் குடை மட்டும். நல்ல சீசன்ல ஒரு நாளைக்கு இருவது, இருவத்தஞ்சு.

ஆறு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழம காலைல, மூணாவது லோடு, அதாவது மூணாவது தடவ விமானத்துல போனவங்க, குதிச்சு இறங்கிட்டு இருந்தாங்க. நான் பேப்பர் கப்ல டீயோட கூடாரத்து வாசல்ல நின்னுட்டு இருந்தேன். அன்னிக்கு இறந்தவரு ஆயிரம் ஜம்ப்புக்கு மேல பண்ணினவரு, சின்ன குடை, வேகமான குடை, வாராவாரம் பார்க்கிற ஆளு, என்னய 'சேலம்'னு தான் கூப்பிடுவாரு. தரைக்கு பக்கத்துல ஒரு பக்கமா இழுத்து திரும்பினா குடை சரிஞ்சு வேகம் எடுக்கும், அந்த வேகத்துலயே புல்லு மேல வழுக்கிட்டு போறது பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், அதுக்குன்னே திரும்புவாங்க. அன்னிக்கு அவரு திரும்பின எடத்துல உயரம் பத்தல. நான் கண்ணால பார்த்தேனா இல்லையான்னு கூட இப்ப சரியா சொல்ல முடியல, சத்தம் தான் முதல்ல வருது, லாரில இருந்து அரிசி மூட்டய இறக்கி போட்ட மாதிரி. அதுக்கு அப்புறமும் குடை உடனே விழலைங்க. காத்துல ஒரு அஞ்சாறு செகண்ட் நின்னுச்சு, அப்புறம் மெதுவா, தூங்குற புள்ளைக்கு போர்வ போத்துற மாதிரி அவரு மேல படிஞ்சுது. மஞ்ச கலர். முக்கா மணி நேரம் முன்னாடி என் முட்டிக்கு கீழ இருந்த துணி அது.

அந்த நேரத்துல டேண்டம் ஜம்ப்புக்கு, அதாவது பயிற்சியாளரோட சேர்த்து கட்டிட்டு குதிக்கிறதுக்கு, பெல்ட் எல்லாம் மாட்டிட்டு சிரிச்சிட்டு ஒரு குடும்பம் நின்னுச்சு, அதுல ஒரு காலேஜ் பொண்ணு கைல கேமரா, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. மேல இன்னும் நாலு பேரு குடைல தொங்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியுது, ஆனா அதே தரைக்கு தான் வந்து இறங்கணும், வேற எங்கயும் போக முடியாது. பைலட் கீழ வந்து இஞ்சின ஆஃப் பண்ணிட்டு இறங்காம அப்படியே உக்காந்திருந்தாரு. இவங்க யாருமே எந்த செய்திலயும் இல்ல.

போலீஸ் வந்து குடை, பை எல்லாத்தையும் சீல் வெச்சாங்க. யாரு மடிச்சதுன்னு கேட்டாங்க. ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து. மரியாதையா தான் கேட்டாங்க, ஒரு மணி நேரம், அவ்வளவு தான். குடை நல்லா விரிஞ்சுது, சில நிமிஷம் அதுல பறந்து வந்தாரு, கீழ நின்ன அத்தன பேரும் பார்த்தது, நானும் பார்த்தது. ஆனா அது புத்திக்கு தெரியுது, கைக்கு தெரியல. ராத்திரி படுத்தா கை தானா மடிக்க ஆரம்பிக்கும், ஸ்லைடர ஏத்தினேனா, இடது பக்க கயிறு சரியா இருந்துச்சா, அந்த நேரம் போன் வந்துச்சே எடுத்தேனா, இப்படியே விடிஞ்சிடும். மறுநாள் ஒரு செய்தி தளத்துல 'பாராசூட் கோளாறு'ன்னு போட்டாங்க. யாருகிட்ட கேட்டு போட்டாங்களோ தெரியாது. ரூம்ல கூட இருந்த பசங்க அத படிச்சிட்டு என்னய ஒண்ணும் கேக்கல, கேட்டிருந்தா கூட தேவலாம்.

வீட்டுக்கு நான் சொல்லல. எப்படி சொல்றது? ஆனா ரெண்டாவது நாள் ராத்திரி என் வீட்டுக்காரம்மா போன் பண்ணி, ஏங்க இந்த வீடியோல இருக்கறது நீங்க வேல பார்க்குற எடமா, பின்னாடி தெரியுற பச்ச கூடாரம் நீங்க போட்டோ அனுப்பினது மாதிரியே இருக்கேன்னு கேட்டுச்சு. அவங்க சித்தி குரூப்ல வந்திருக்கு, யாரோ அழுவுற எமோஜியோட ஃபார்வர்ட் பண்ணி. நான் ஒரு தடவ பார்த்தத அது நாலு தடவ பார்த்திருக்கு, என் முகம் எங்கயாவது தெரியுதான்னு தேடி.

குதிக்கிறவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் வட்டமா நின்னு, அவர பத்தி நல்லதா நாலு பேசி, 'நீல வானம், கருப்பு மரணம்'னு அவங்களுக்குள்ள ஒரு வார்த்த உண்டு, அத சொல்லி கிளாஸ தூக்குவாங்க, மறுநாள் காலைல மறுபடி விமானம் ஏறிடுவாங்க. சில பேருக்கு இது கல்நெஞ்சா தெரியும், எனக்கும் முதல்ல அப்படி தான் தெரிஞ்சுது, ஆனா அது அவங்களோட காரியம் மாதிரி, நம்ம ஊர்ல பதினாறாம் நாள் வெக்கிறோம்ல அது மாதிரி. என்ன, அந்த வட்டத்துல பேக்கருங்க இல்ல. நாங்க அஞ்சு பேரும் கூடாரத்துல மறுநாளைக்கு பாய் விரிச்சிட்டு இருந்தோம்.

மூணாவது நாள் ஒருத்தர கூட்டிட்டு வந்து எங்க எல்லாரையும் சுத்தி உக்கார வெச்சு, ஒவ்வொருத்தரா என்ன பார்த்தீங்க, என்ன சத்தம் கேட்டுச்சு, விவரமா சொல்லுங்கன்னாங்க. நல்லெண்ணத்துல தான் பண்ணினாங்க. ஆனா எனக்கு தெரியாம இருந்த ரெண்டு மூணு விஷயமும் அன்னிக்கு தான் தெரிஞ்சுது, அடுத்த நாலு நாள் சுத்தமா தூக்கம் இல்ல. ரொம்ப நாள் கழிச்சு படிச்சேன், உலக சுகாதார நிறுவனம் 2011-லயே இதுக்குன்னு ஒரு மனநல முதலுதவி கையேடு போட்டிருக்கு, அதுல யாரையும் நடந்தத சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீங்க, பக்கத்துல இருங்க, சாப்பாடு தண்ணி பாருங்க, சொன்னா கேளுங்க, வீட்டு ஆளுங்களோட பேச வைங்கன்னு தான் இருக்கு. நம்ம ஊர்ல எழவு வீட்டுக்கு போனா திண்ணைல சும்மா உக்காந்திருக்கிறோமே, அதே தான்.

எனக்கு உதவினது ரெண்டு பேரு. ஒண்ணு, பக்கத்து பாய்ல மடிக்கிற நேபாளி அண்ணன். நான் ஒரு குடைய மடிச்சு பின் போட்டுட்டு மறுபடி பிரிச்சு மறுபடி மடிப்பேன், பத்து நிமிஷ வேல முக்கா மணி நேரம் ஆகும், காசு பாதியா போச்சு. அவரு ஒண்ணும் பேசாம தன்னோடத முடிச்சிட்டு என்னோடதுல ரெண்டு மூணு எடுத்து மடிச்சு என் கணக்குல எழுதி வெப்பாரு. இன்னொருத்தர் அந்த வயசான ரிக்கர். ஒரு நாள் மதியம் தனியா கூப்பிட்டு, அதே கம்பெனி, அதே அளவு குடைய பாய்ல போட்டு, மடிடான்னாரு. ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தி, இங்க நீ தப்பு பண்ணியிருந்தா மேல என்ன ஆகும் சொல்லுன்னு கேட்டாரு. கயிறு குடைக்கு மேல மாட்டியிருந்தா? விரிஞ்ச உடனே சுத்தும். ஸ்லைடர் இறங்கியிருந்தா? விரியும்போதே பலமா அடிக்கும். எல்லாம் எங்க தெரியும்? நாலாயிரம் அடில. அப்புறம் அவரே சொன்னாரு, மெயின வெட்டி விட்டுட்டு ரிசர்வ போடுவாங்க, அத தான் நான் முத்திர வெச்சு வெச்சிருக்கேன். கடைசி முப்பது மீட்டர்ல வர்றது உன் மடிப்பு இல்ல, அது அவரோட கை. அன்னிக்கு ராத்திரி தான் நாலு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கினேன். காரணம் தெரியறதுன்னா சும்மா இல்ல சார். அதனால தான் காரணத்த தப்பா போடாதீங்கன்னு இவ்வளவு தூரம் எழுதறேன்.

உண்மைய சொன்னா இந்த விளையாட்டுல சாவு நீங்க நினைக்கிற அளவு இல்ல. அமெரிக்க பாராசூட் சங்கம் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுது, 2023-ல 10 பேரு, 2024-ல 9 பேரு, அதுவும் அந்த வருஷம் அங்க 38 லட்சம் ஜம்ப்புக்கு மேல. 1970கள்ல வருஷத்துக்கு சராசரி நாப்பதுக்கு மேல. 1991-ல ஜெர்மனில இருந்து சைப்ரஸ்னு ஒரு சின்ன கருவி வந்துச்சு, கிட்டத்தட்ட 750 அடி வரைக்கும் ஆளு இன்னும் வேகமா விழுந்துட்டே இருந்தா தானாவே ரிசர்வ திறந்து விட்டுடும், மயங்கி போனவன கூட காப்பாத்தும். அதனால விரியாம சாகுறது ரொம்ப குறைஞ்சு போச்சு, நல்லா விரிஞ்ச குடைக்கு கீழ தரைக்கு பக்கத்துல பண்ற தப்பு தான் இப்ப பெரிய தலவலி, அதுவும் நல்லா தெரிஞ்சவங்களுக்கு தான். இவ்வளவு அபூர்வமா நடக்கறதால தான் நடக்கும்போது பக்கத்துல நிக்கிறவன என்ன பண்ணனும்னு யாருக்கும் தெரியறது இல்ல.

எங்க ஊர் கதையும் சொல்றேன். 2014 ஏப்ரல்ல காமலாபுரத்துல இருக்கற சேலம் ஏர்போர்ட்ல ஸ்கைடைவிங்ல பெங்களூர் பொண்ணு ஒண்ணு இறந்துச்சே, ஞாபகம் இருக்கும். அது நிஜமாவே பாராசூட் விரியாம நடந்தது. இன்னிக்கும் டீக்கடைல அந்த பேச்சு வந்தா, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு தான் ஆரம்பிப்பாங்க. கூட குதிச்சவங்க, கீழ நின்னவங்க என்ன ஆனாங்கன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்தது இல்ல. அதே மாதிரி 2018 ஜூலைல கோவை பக்கம் ஒரு காலேஜ்ல பேரிடர் பயிற்சின்னு மாடில இருந்து குதிக்க வெச்சு ஒரு மாணவி இறந்தாங்க, அந்த வீடியோவ டிவில எத்தன தடவ ஓட்டினாங்க. கீழ வலைய பிடிச்சிட்டு நின்னதுங்களே கூட படிக்கிற புள்ளைங்க, அதுங்க கையில அந்த வலை இன்னும் இருக்கும் சார். எனக்கு தெரியும்.

உங்கள குத்தம் சொல்ல எழுதல. செய்தி வந்த உடனே போடணும், அது உங்க தொழில். ஆனா காரணம் தெரியாதப்ப 'விபத்து'ன்னு மட்டும் போட்டா பேப்பர் விக்காதா என்ன. விழற போட்டோவ போடாம இருங்க. அப்புறம் இந்த மாதிரி செய்திக்கு கீழ எடம் இருந்தா ஒரு வரி, பார்த்தவங்களுக்கு தூக்கம் கெடறது, திடுக்கிடறது எல்லாம் சகஜம், நிறைய பேருக்கு சில வாரத்துல தானா குறையும், ஒரு மாசம் தாண்டியும் விடலன்னா டாக்டர பாருங்க, 14416-க்கு போன் பண்ணினா தமிழ்லயே பேசலாம்னு. 2022-ல இருந்து அந்த நம்பர் இருக்கு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், எங்க தெருவுல பாதி பேருக்கு தெரியாது. எனக்கு மூணு மாசம் ஆகியும் விடல, லீவுல வந்தப்ப ஒரு மனநல டாக்டர பார்த்தேன், ஏழெட்டு தடவ போனேன், மாத்திர கொஞ்ச நாள், பேச்சு தான் அதிகம். அதுக்கு அப்புறம் திரும்பி போய் இன்னும் ஒன்றர வருஷம் அதே பாய்ல மடிச்சேன்.

இப்ப ஊர்ல தான் இருக்கேன், டெய்லர் கடை வெச்சிருக்கேன், துணி மடிக்கிற கை தானே. காமலாபுரத்துக்கு இறங்குற பிளைட் சத்தம் கேட்டா மட்டும் மெஷின நிறுத்திட்டு வெளிய வந்து அது கண்ணுக்கு மறையுற வரைக்கும் பார்த்துட்டு தான் உள்ள போவேன். கஸ்டமருங்க பழகிட்டாங்க.

இத போட்டீங்கன்னா என் பேரு போட வேணாம் சார். எங்க அம்மா தெனம் உங்க பேப்பர தான் எழுத்து கூட்டி படிக்கிறாங்க. அவங்கள பொறுத்தவரைக்கும் நான் அங்க அஞ்சு வருஷம் அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டிட்டு இருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய பேக்கர், ஓமலூர்