கேமரா கொட்டேஷனில் விடுபட்டவை: நலச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிய குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தெருவில் வீட்டுக்கு வீடு வெளிப்புறக் கேமரா மாட்ட மொத்தமாக விலை கேட்கிறீர்கள். அதில் எத்தனை கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்ற இரண்டு கேள்விதான் இருக்கிறது. எப்படி மாட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். ஐப்பசி மழையில் படம் போனால் முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, அதன் வாலில் தொங்கும் இணைப்பை.

கேமராவின் மேல் எழுதியிருக்கும் ஐபி67, அதாவது தூசியும் நீரும் புகாது என்ற தரக்குறி, அதன் உடம்புக்குத்தான். வயர் முனைக்கு அது பொருந்தாது. அந்த முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. நெட்வொர்க் வயரிலேயே கேமராவுக்கு வரும் பிஓஇ மின்சாரமும் ஈரமும் சேர்ந்தால் அந்த வயரின் முனை பிளக்கான ஆர்ஜே45 பின்னில் சீக்கிரமே களிம்பு ஏறும். அதனால் கேமராவுக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கட்டாயம். இணைப்பு அதற்குள் இருக்க வேண்டும். சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். வயர் பாக்ஸுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, அடிப்பக்கமாக உள்ளே ஏறட்டும். பாக்ஸ் சுவரோடு சேரும் இடத்தில் சிலிக்கான் பசையை மேலேயும் இரு பக்கமும் மட்டும் பூசுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே தேங்கும் நீருக்குப் போக வழியில்லை. கேமராவோடு வரும் ஸ்க்ரூ உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரெல்லாம் சிவப்பாக வடியும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ கேளுங்கள். கடலைப் பார்த்த சுவர் என்றால், உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம்.

உயரம் 9, 10 அடி போதும். மொட்டைமாடிக் கைப்பிடியில் மாட்டினால் வழுக்கைத் தலைதான் பதிவாகும். லென்ஸ் விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். 4 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ், 6 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 14 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அதாவது மீட்டருக்கு 180 புள்ளி (பிக்சல்). முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண 250 புள்ளியாவது வேண்டும். வளாகம் முழுக்கத் தெரிய 2.8 சரி, கேட்டுக்கு மட்டும் 6 மி.மீ. போடுங்கள். சன்ஷேடை ஒட்டி மாட்டாதீர்கள், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படமே வெளுத்துவிடும். சிலந்தி வலையும் அதையே செய்யும், மாதம் ஒருமுறை துடைப்பக்குச்சி போதும். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்த இடத்தை மறைக்கும் வசதி மெனுவிலேயே உண்டு. மாட்டும் அன்றே போடச் சொல்லுங்கள்.

வயர் சுத்தச் செம்பில் செய்த கேட்6 ரக நெட்வொர்க் வயராக இருக்கட்டும். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம், திருப்பி அனுப்புங்கள். ஒரே ஓட்டமாகப் போகும் வயர் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெளியே போகும் வயர் முழுக்க பிவிசி பைப்புக்குள்: அணில் கடித்ததற்கு வாரண்டி கிடையாது.

ஹார்டு டிஸ்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட் பதிவு) வைத்தால் நான்கு கேமராவுக்கு நாளைக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறவருக்கு அது எதற்கு?

வேலை முடிந்ததும் ஒவ்வொரு பாக்ஸின் மேலும் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, மூடியைத் திறந்து பாருங்கள். அன்று இரவு ஒருவர் கேட்டிலிருந்து வாசல்வரை நடக்கட்டும். பதிவில் முகமும் சரியான நேரமும் தெரிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கேமரா பொருத்தும் தொழிலாளர்கள்